எட்டாம் வகுப்பில் பதினாறு வாரம்: ஒரு பி.எட். கணிதப் பயிற்சியின் நிகழ்வு ஆய்வு

பயிற்சிப் பள்ளிக்குக் கிளம்பும் பி.எட். மாணவர்களின் பையில் லெசன் பிளான் நோட்டு, சார்ட், ஸ்கெட்ச் பேனா, முடித்துக் கல்லூரியில் கொடுக்க வேண்டிய ரெக்கார்டுகளின், அதாவது பயிற்சிப் பதிவேடுகளின், பட்டியல் எல்லாம் இருக்கும். நேற்று நடத்திய பாடத்தைப் பிள்ளைகள் நோட்டில் எப்படி எழுதியிருக்கிறார்கள் என்று இன்று திறந்து பார்க்கும் பழக்கம்தான் பெரும்பாலும் இருக்காது. பதினாறு வாரத்தில் எங்கே சறுக்கினாலும் காரணம் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது. இந்த ஆய்வும் அதைச் சுற்றியே போகிறது.

இதில் வரும் மாணவி தனியொருவர் அல்லர். பி.எஸ்ஸி. கணிதம் முடித்து பி.எட். சேர்ந்து, சிறு நகரத்து அரசு மேல்நிலைப் பள்ளிக்குப் பயிற்சிக்குப் போகும் பலருக்கும் திரும்பத் திரும்ப நேர்வதை ஒரே ஆளின் பாதையாகக் கோர்த்திருக்கிறோம். நாற்பது பேர் கொண்ட எட்டாம் வகுப்பு, 45 நிமிடப் பாடவேளை, தமிழ்வழிப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம்.

விதி என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014ஆம் ஆண்டு விதிமுறைப்படி, இரண்டாண்டு பி.எட். படிப்பில் பள்ளி சார்ந்த பயிற்சி மொத்தம் 20 வாரம். அதில் 4 வாரம் முதலாண்டில் போய்விடும். மீதி 16 வாரம் இரண்டாமாண்டில், ஒரே மூச்சில் வரும். மற்ற பாடங்களுக்கு 80 சதவீத வருகை போதும். பள்ளிப் பயிற்சிக்கு மட்டும் 90 சதவீதம் வேண்டும். வாரம் ஐந்து நாள் என்று கணக்கிட்டால் 80 வேலை நாள்; குறைந்தது 72 நாள் பள்ளியில் இருந்தாக வேண்டும். கையில் மிஞ்சுவது எட்டு நாள். அதை முதல் மாதத்திலேயே கல்யாணம், காதுகுத்து என்று செலவழித்தவர்கள் ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து படுக்கும்போது விழிபிதுங்குகிறார்கள். மழை விடுமுறை வேறு கணக்கு. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவித்தால் அது உங்கள் விடுப்பில் கழியாது. ஆனால் வேலை நாளாகவும் சேராது. பயிற்சிக் காலம் பின்னால் நீளும், அல்லது சனிக்கிழமைகளில் ஈடுகட்ட வேண்டியிருக்கும். கல்லூரி எதைப் பின்பற்றுகிறது என்பதை முதல் நாளே கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

நுழையும் முன்

அரசுப் பள்ளியில் பயிற்சிக்கு இடம் பெரும்பாலும் கல்லூரியின் வேண்டுகோள் கடிதம், முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதி என்ற வழியில்தான் கிடைக்கும். அனுமதி ஆணையின் நகல் மூன்று கையில் இருக்கட்டும்: தலைமை ஆசிரியருக்கு ஒன்று, கல்லூரிக் கோப்புக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று. ஆணையில் உள்ள பள்ளியின் பெயரும் நீங்கள் போய் நிற்கும் பள்ளியின் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரே ஊரில் ஆண்கள் பள்ளி, பெண்கள் பள்ளி, நகராட்சிப் பள்ளி மூன்றும் இருக்கும்; மாறிப் போனவர்களின் நிறைவுச் சான்றிதழ் கடைசியில் சிக்கிக்கொள்கிறது.

நம் மாணவி முதல் நாள் காலை வழிபாட்டுக்கு முன்பே போய், தலைமை ஆசிரியரிடம் பணியேற்புக் கடிதம் கொடுத்து, பயிற்சி மாணவர் வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். முற்பகல், பிற்பகல் இரண்டுக்கும் தனித்தனிக் கையெழுத்து. ‘நாளைக்குச் சேர்த்துப் போட்டுக்கலாம்’ என்று விடும் ஒவ்வொரு கட்டமும் பின்னால் ஒரு விளக்கக் கடிதம் கேட்கும்.

அன்றே அவர் செய்திருக்க வேண்டிய வேலை ஒன்று விட்டுப்போனது. பயிற்சியைப் பார்த்துக்கொள்ளும் பள்ளிக் கணித ஆசிரியரான வழிகாட்டி ஆசிரியரிடம் உட்கார்ந்து எந்தப் பாடம், எந்தத் தேதிக்குள் என்று பேசி எழுதவில்லை. ‘எய்த் பி எடுத்துக்கோங்கம்மா, அல்ஜிப்ரா நடத்துங்க’ என்று அந்த ஆசிரியர் சொன்னதோடு சரி. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு வரும். அதற்குள் எவ்வளவு பாடம் முடிய வேண்டும் என்ற கணக்கு வழிகாட்டி ஆசிரியரின் தலையில் ஓடிக்கொண்டே இருக்கும், அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். பயிற்சி மாணவர் பின்தங்கினால் அவரே வந்து வேகமாக மறுபடி நடத்திவிட்டுப் போவார். பிள்ளைகளுக்கு ஒரே பாடம் இரண்டு விதமாகக் குழம்பும், பயிற்சி மாணவரின் சொல்லுக்கு வகுப்பில் மதிப்பும் போகும். அரைத்தாள் போதும்: பாடத்தின் பெயர், பயிற்சி எண், தொடக்கம், முடிவு, இருவர் கையெழுத்து.

உற்றுநோக்கல் வாரம்

16 வாரத்தின் தொடக்கத்தில் ஒரு வாரம், வழக்கமான ஆசிரியரின் வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பதற்கென்றே இருக்கிறது. பலர் இதை ஓய்வு வாரமாக எடுத்துக்கொண்டு ரெக்கார்டுக்கு அட்டை போடுகிறார்கள். நம் மாணவியும் உற்றுநோக்கல் படிவத்தில் ‘பாடத்தொடக்கம் நன்று, கரும்பலகைப் பயன்பாடு நன்று, வலுவூட்டல் நன்று’ என்று டிக் அடித்துக்கொண்டே போனார். படிவம் நிரம்பியது. வகுப்பைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை.

அந்த வாரத்தில் பார்க்க வேண்டியது ஆசிரியரைவிடப் பிள்ளைகளைத்தான். ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் போட்டு வரைந்து பெயர்களை எழுதுங்கள். யார் கேள்விக்குப் பதில் சொன்னாலும் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. நான்கைந்து பாடவேளை முடிந்ததும் தாளைப் பார்த்தால், முன் இரண்டு பெஞ்சும் நடுவழியை ஒட்டிய இடங்களும் புள்ளியாகக் கிடக்கும். சுவரோரமும் கடைசி வரிசையும் வெறுமையாக இருக்கும். நீங்கள் வகுப்பெடுக்கும்போது யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது.

அடுத்தது நேரம். பாடவேளை 45 நிமிடம் என்பது கால அட்டவணையில்தான். மணி அடித்து, முந்தைய ஆசிரியர் வெளியேறி, பிள்ளைகள் உட்கார்ந்து, நோட்டு எடுத்து, பலகை துடைத்து முடிய ஐந்து நிமிடம் போகும். விளையாட்டு வேளைக்கு அடுத்த பாடவேளை என்றால் தண்ணீர் குடித்துவிட்டு வருபவர்கள் பத்து நிமிடம்கூட எடுத்துக்கொள்வார்கள். சத்துணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளையில் கண் சொருகும். எந்த நாள் எந்தப் பாடவேளை என்பதைப் பொறுத்து நிஜமாகக் கிடைக்கும் நிமிடத்தைக் குறித்துவைத்து, அதற்குத்தான் லெசன் பிளான் எழுத வேண்டும்.

கரும்பலகையையும் இந்த வாரத்திலேயே சோதித்துவிடலாம். இரண்டு மூலைப் பெஞ்சிலும், கடைசி வரிசையிலும் உட்கார்ந்து பாருங்கள். சன்னல் வெளிச்சம் பட்டுப் பலகையின் ஒரு பகுதி காலையில் பளபளக்கும். அங்கே எழுதினால் எதிர்மூலையில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. ஏழெட்டு மீட்டர் தள்ளி இருக்கும் பிள்ளைக்குத் தெரிய எழுத்து ஐந்து சென்டிமீட்டர் உயரமாவது வேண்டும். அடுக்குக்குறி எண்ணை எல்லோரும் குட்டியாக எழுதிவிடுவார்கள், x² கடைசி பெஞ்சில் x2 ஆகத் தெரியும். அதற்குப் பின்னால் வரும் பிழைகளுக்கு அந்தப் பிள்ளை எப்படிப் பொறுப்பாகும்?

சரிந்த வகுப்பு

மூன்றாம் வாரம். (a+b)² = a² + 2ab + b² என்ற முற்றொருமை, அதாவது எழுத்துகளுக்கு எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தும் சமன்பாடு. லெசன் பிளான் பிரமாதமாக இருந்தது: கற்றல் விளைவுகள், முன்னறிவு, பாடத்தொடக்கம், வளர்ச்சி, மதிப்பீடு, வீட்டுப்பாடம் எல்லாம் கட்டம் கட்டமாக. சூத்திரத்தைச் சார்ட்டில் அழகாக எழுதி மாட்டினார். (a+b)(a+b) என்று பெருக்கிக் காட்டி, இரண்டு கணக்குப் போட்டார். ‘புரிஞ்சுதா?’ என்றார். ‘புரிஞ்சுது டீச்சர்!’ என்று வகுப்பு முழுக்க ஒரே குரல். வீட்டுப்பாடம் கொடுத்துவிட்டு நிறைவோடு போனார்.

மறுநாள் வழிகாட்டி ஆசிரியர் தற்செயலாகச் சில நோட்டுகளைப் புரட்டினார். (x+3)² என்பதற்குப் பலரும் எழுதியிருந்தது x² + 9.

இங்கே பெரும்பாலான பயிற்சி மாணவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். ‘கவனிக்கவே மாட்டேங்குறாங்க’ என்று பிள்ளைகள்மேல் பழி போடுவார்கள்; அல்லது சூத்திரத்தைப் பத்து முறை எழுதிவரச் சொல்வார்கள். இரண்டும் பயன்படாது. பத்து முறை எழுதிய பிள்ளையும் பதினோராவது வரியில் x² + 9 என்றே எழுதும், ஏனென்றால் அதன் மனதில் அடுக்கு 2 அடைப்புக்குள் தனித்தனியாகப் போய் உட்கார்கிறது. (xy)² = x²y² என்று முன்பு படித்தது சரியான விதி; அதைக் கூட்டலுக்கும் நீட்டிவிட்டது. பிள்ளை யோசித்துத்தான் தவறு செய்திருக்கிறது.

சரிவுக்கான காரணங்களைப் பிரித்துப் பார்த்தால் நான்கு தெரிகின்றன. முதலாவது, முன்னறிவு என்ற தலைப்பில் ‘மாணவர்களுக்கு ஈருறுப்புக் கோவையின் பெருக்கல் தெரியும்’ என்று எழுதியிருந்தார், ஆனால் சோதிக்கவில்லை. இரண்டாவது, வகுப்பின் கேள்விகள் எல்லாம் ஒட்டுமொத்தப் பதிலுக்கானவை. நாற்பது பேர் சேர்ந்து சொல்லும் பதிலில் பத்துப் பேர் உண்மையில் சொல்கிறார்கள், மீதிப் பேர் வாயசைக்கிறார்கள். மூன்றாவது, சார்ட் சூத்திரத்தைத் திருப்பிச் சொன்னதே தவிர எதையும் விளக்கவில்லை. நான்காவதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை: பட்டப்படிப்பை ஆங்கிலவழியில் படித்தவர் என்பதால், கெழு, உறுப்பு, மாறி, முற்றொருமை, காரணிப்படுத்துதல் போன்ற சொற்கள் அவர் வாயில் தடையின்றி வரவில்லை. ‘கோஎஃபிஷியன்ட்டை ஸ்கொயர் பண்ணுங்க’ என்று அவர் சொன்னபோது தமிழ்வழிப் பிள்ளைகள் விழித்தார்கள். பாடநூலின் தமிழ்ப் பதிப்பை முந்தைய இரவு உரக்கப் படித்திருந்தால் இந்த ஒரு காரணம் அன்றே ஒழிந்திருக்கும். ஆறாம், ஏழாம் வகுப்பு நூல்களையும் சேர்த்தே படிக்க வேண்டும்; அடிப்படைச் சொற்கள் அங்கேதான் அறிமுகமாகின்றன.

மறுபடி எடுத்தது

திருத்தம் பலகையில் தொடங்கவில்லை, தாளில் தொடங்கியது. ஒரு சார்ட் தாளில் 50 செ.மீ. பக்கமுள்ள சதுரத்தை வெட்டிக்கொண்டார். வழக்கமான சார்ட் 56 செ.மீ. அகலம் இருக்கும், ஆகவே ஒரே தாளில் அடங்கும். பக்கத்தை 30, 20 என்று பிரித்து இரு திசையிலும் கோடு. நான்கு துண்டு கிடைக்கிறது: 30×30, 20×20, இரண்டு 30×20. நான்குக்கும் நிறம் வேறு என்று செய்தால் தவறு. இரண்டு செவ்வகத்துக்கும் ஒரே நிறம் கொடுக்க வேண்டும். அப்போதுதான் ‘ரெண்டு’ என்பது கண்ணில் படும்.

வகுப்பில் முதலில் முழுச் சதுரத்தை ஒட்டினார். பரப்பு என்ன என்று கேட்டார்: 2500. பிறகு இரண்டு சதுரங்களை மட்டும் எடுத்துக் காட்டி, ‘(30+20)² கேட்டா 30²-உம் 20²-உம் போதும்னு எழுதியிருக்கீங்க. கூட்டிப் பாருங்க’ என்றார். 900 + 400 = 1300. மிச்சம் 1200 எங்கே போனது என்று பிள்ளைகளே பலகைக்கு வந்து இரண்டு செவ்வகத்தையும் தொட்டுக் காட்டினார்கள். 600, 600. அதற்குப் பிறகுதான் a, b வந்தன. எழுத்தை முதலில் வைத்து எண்ணைப் பின்னால் வைத்தால் இந்தக் கணம் கிடைக்காது.

அடுத்து ஒரு சோதிக்கும் கருவியைப் பிள்ளைகள் கையில் கொடுத்தார்: விடை எழுதியதும் x-க்கு ஓர் எண்ணைப் பிரதியிட்டுப் பார். x = 2 என்றால் (x+3)² = 25; x² + 9 = 13. ஆகவே தவறு. எந்த எண்ணைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். x = 0 என்று போட்டால் இரண்டு பக்கமும் 9 வந்து தவறான விடை சரியாகிவிடும். (x−3)² = x² − 9 என்று எழுதிய பிள்ளை x = 3 என்று பிரதியிட்டால் இரண்டு பக்கமும் 0. அவசரத்தில் பலகையில் இப்படி ஒரு எண்ணை எழுதிவிட்டால் வகுப்பே தவறான விடையைக் கொண்டாடும். 1 பெரும்பாலும் பாதுகாப்பானது. இரண்டு எண்களால் சோதிக்கச் சொல்வது இன்னும் நல்லது.

நேரப் பங்கீடு இப்படி அமைந்தது. கிடைக்கும் 40 நிமிடத்தில் முன்னறிவுச் சோதனைக்கு 5, தாள் சதுரத்துக்கு 10, எழுத்துக்கு மாற்றி இரண்டு எடுத்துக்காட்டுப் போட 8, பிள்ளைகள் தாமே போட 12, கடைசி 5 நிமிடம் வெளியேறும் சீட்டு. பிள்ளைகள் போடும் அந்த 12 நிமிடத்தில் ஆசிரியர் பலகைப் பக்கம் நிற்கக் கூடாது. உற்றுநோக்கல் வாரத்தில் வரைந்த கட்டத்தில் வெறுமையாக இருந்த இடங்களுக்கு முதலில் போக வேண்டும்.

கேள்வி கேட்கும் முறையும் மாறியது. முதலில் கேள்வி, பிறகு இடைவெளி, பிறகு பெயர். பெயரை முதலில் சொன்னால் மற்ற முப்பத்தொன்பது பேரும் அந்தக் கணமே யோசிப்பதை நிறுத்திவிடுவார்கள். இடைவெளியைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் செய்த ஆய்வுகள் ஆசிரியக் கல்வியில் புகழ்பெற்றவை: ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருக்கிறார்கள், அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டினால் பதில்கள் நீளமாகின்றன, பேசாத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடி என்பது பலகைக்கு முன்னால் நிற்பவருக்கு யுகமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிப் பழக வேண்டியதுதான்.

பத்து நிமிடப் பிரிப்பு

வெளியேறும் சீட்டு என்பது கால் தாள். இரண்டே கணக்கு: (x+3)², (2x+3)². பெயர், விடை, செய்முறை. நாற்பது சீட்டையும் ஓய்வறையில் மேசைமேல் பிரிக்கப் பத்து நிமிடம் போதும். மதிப்பெண் போடக் கூடாது. பிழையின் வகைப்படி குவிக்க வேண்டும்.

x² + 9 என்ற குவியலுக்கு இன்னும் தாள் சதுரம் தேவை. x² + 3x + 9 என்ற குவியல் வேறு. நடு உறுப்பு உண்டு என்று தெரிகிறது, ஒரு செவ்வகத்தை மறந்துவிட்டது. இவர்களுக்கு (x+3)(x+3) என்று நீட்டி எழுதி நான்கு பெருக்கலுக்கும் அம்புக்குறி போடச் சொன்னால் தெளிந்துவிடும். இரண்டாவது கணக்கில் 2x² + 12x + 9 என்று வந்தால் முற்றொருமை புரிந்துவிட்டது என்று பொருள். a-க்குப் பதில் 2x முழுவதும் வருகிறது என்பதுதான் பிடிபடவில்லை. பிரதியிடும்போது (2x)² என்று அடைப்புக்குறி போட்டு எழுதும் பழக்கம் மட்டுமே அதற்கு மருந்து. இந்த மூன்று குவியலுக்கும் ‘சூத்திரத்தைப் படிச்சுட்டு வா’ என்று ஒரே மருந்து கொடுத்ததுதான் முதல் முறை நடந்தது.

மறுநாள் முதல் பத்து நிமிடம் குவியலுக்கு ஒரு கணக்கு. மூன்று கூட்டமாக உட்கார வைக்க வேண்டாம். ‘தெரியாதவங்க பெஞ்ச்’ என்று அதற்குப் பெயர் வந்துவிடும். பலகையின் மூன்று பகுதியில் மூன்று கணக்கை எழுதி, சீட்டின் பின்பக்கம் 1, 2, 3 என்று குறித்துத் திருப்பிக் கொடுத்தாலே போதும்.

தினமும் எல்லா வகுப்புக்கும் சீட்டு வாங்க முடியாது. ஒரு பயிற்சி மாணவர் ஒழுங்காகத் தயாரித்து நடத்தக் கூடியது நாளைக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று பாடவேளை. ஆசிரியர் விடுப்பு எடுத்தால் ‘நீங்க போய்ப் பாத்துக்கோங்கம்மா’ என்று வெற்று வகுப்புகளுக்கும் அனுப்புவார்கள். மறுத்துப் பேசுவதில் பயனில்லை. பள்ளிக்கு அது தேவை. எந்த வகுப்புக்கும் பொருந்தும் நாலைந்து புதிர்த்தாள், ஒரு மனக்கணக்கு விளையாட்டு, ஒரு கட்டு அரைத்தாள் பையில் எப்போதும் இருந்தால் அந்த வேளை கூச்சலாகப் போகாது. நாளுக்கு நாள் வெற்று வகுப்பே மிகுந்து, நடத்த வேண்டிய பாடவேளை கைவிட்டுப் போனால் மட்டும் கல்லூரிப் பொறுப்பாசிரியர் வழியாகத் தலைமை ஆசிரியரிடம் பேச வேண்டும்.

கல்லூரியிலிருந்து மேற்பார்வைக்கு வரும் நாளைப் பற்றி ஒரு வார்த்தை. முன்பே நடத்திய பாடத்தை மறுபடி நடத்தி, பிள்ளைகளுக்குப் பதிலைச் சொல்லிக்கொடுத்து வைப்பது பரவலாக நடக்கிறது. செய்யாதீர்கள். ஆசிரியர் ஏமாற்றுவதற்குத் தாங்கள் துணைபோகிறோம் என்பது எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும். மேற்பார்வையாளருக்கும் தெரியும், கேள்வி முடியும் முன்பே எழும் கைகளைப் பார்த்தால் போதும். சுமாரான புதிய பாடத்தில் கிடைக்கும் திருத்தம் உங்களுக்கு உதவும். ஒத்திகை பார்த்த பாடத்துக்குக் கிடைக்கும் பாராட்டால் எதுவும் கற்க முடியாது.

அடைவுத் தேர்வு

நடத்திய பாடத்தைப் பிள்ளைகள் எவ்வளவு கற்றார்கள் என்று பயிற்சி மாணவரே வைத்துப் பார்ப்பது அடைவுத் தேர்வு. அதன் ரெக்கார்டில் நடக்கும் பெரிய பிழை வரிசை மாறுவது. வினாத்தாளை எழுதி முடித்துவிட்டு அதற்கேற்ப, எந்த வகையில் எத்தனை வினா என்று முன்கூட்டியே போட வேண்டிய வரைவுத்திட்டத்தை நிரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் ஏறக்குறைய எல்லா வினாவும் சூத்திரத்தை நினைவுகூரும் வினாவாகவே அமைந்துவிடும், அட்டவணையில் மட்டும் ‘பயன்பாடு’ என்று எழுதியிருக்கும்.

ஒரே பாடவேளைக்குள் முடிய 25 மதிப்பெண் அளவானது. ஒரு மதிப்பெண் 5, இரண்டு மதிப்பெண் 4, மூன்று மதிப்பெண் 4 என்றால் 5 + 8 + 12 = 25. நேரக் கணக்கும் போட வேண்டும்: ஒரு மதிப்பெண்ணுக்கு ஒரு நிமிடம், இரண்டுக்கு மூன்று, மூன்றுக்கு ஐந்து என்று வைத்தால் 5 + 12 + 20 = 37 நிமிடம். தாள் கொடுத்து வாங்க மீதி நேரம் சரியாக இருக்கும். பி.எஸ்ஸி. முடித்தவர் ஒரு கணக்கைப் போட எடுக்கும் நேரத்தைப் பிள்ளைக்கும் கணக்கிடக் கூடாது. உங்கள் நேரத்தை மூன்றால் பெருக்கிப் பார்த்தால் ஓரளவு சரியாக வரும்.

திருத்திய பின் வினாப் பகுப்பாய்வு. மதிப்பெண் வரிசையில் மேலிருந்து 27 சதவீதம், கீழிருந்து 27 சதவீதம். நாற்பது பேரில் அது மேலே 11, கீழே 11. ஒரு வினாவை மேல் குழுவில் 9 பேரும் கீழ்க் குழுவில் 3 பேரும் சரியாக எழுதியிருந்தால், எளிமைக் குறியீடு (சரியாக எழுதியவர்களின் பங்கு) 12/22, அதாவது 0.55, மேல், கீழ்க் குழுக்களை வினா எவ்வளவு பிரித்துக் காட்டுகிறது என்று சொல்லும் பிரித்தறியும் திறன் (9−3)/11, அதுவும் 0.55. நல்ல வினா. மேல் குழுவைவிடக் கீழ்க் குழு அதிகம் சரியாக எழுதிய வினா இருந்தால் பிள்ளைகளைக் குறை சொல்லாமல் வினாவைப் பாருங்கள். சொற்றொடர் இரு பொருள் தரும், அல்லது விடைக்குறிப்பு தவறு.

இந்தத் தேர்வைக் காலாண்டுத் தேர்வுக்கு முன் முடித்துவிடுவது புத்திசாலித்தனம். காலாண்டுக்குப் பிறகு விடுமுறை, ஆயுத பூஜை, தீபாவளி, மழை என்று அக்டோபரும் நவம்பரும் துண்டு துண்டாகப் போய்விடும்.

தனியாள் ஆய்வும் எல்லைகளும்

ஒரே பிள்ளையைக் கூர்ந்து கவனித்து எழுதும் தனியாள் ஆய்வு ரெக்கார்டுகள் பெரும்பாலும் சீனியரிடமிருந்து கைமாறி வருபவை. ‘அப்பா குடிகாரர், அம்மா கூலி வேலை, ஆலோசனை வழங்கியதும் மாணவன் திருந்தினான்’ என்று முடியும் அந்தக் கதையை எந்தப் புறத்தேர்வாளரும் நம்புவதில்லை. உண்மையாகச் செய்தால் அது சின்னதாகத்தான் இருக்கும், ஆனால் உங்களுக்குப் பயன்படும். நம் மாணவி எடுத்துக்கொண்டது, வாய்வழியாகக் கேட்டால் சரியாகச் சொல்லி, எழுதச் சொன்னால் ஒரு வரிக்கு மேல் போகாத ஒரு சிறுவனை. மூன்று வாரம் அவன் நோட்டை நகலெடுத்து வரிசையாக வைத்ததில், எண்களை இடம் மாற்றி எழுதுவதும் பலகையிலிருந்து பார்த்து எழுதும்போது வரி தவறுவதும் திரும்பத் திரும்பத் தெரிந்தன.

இங்கே ஒரு கோடு இருக்கிறது, அதைத் தாண்டக் கூடாது. ‘இவனுக்கு டிஸ்லெக்ஸியா’ என்று எழுதப் பயிற்சி மாணவருக்குத் தகுதி இல்லை. பார்த்ததை மட்டும் எழுதி, வழிகாட்டி ஆசிரியர், தலைமை ஆசிரியர் வழியாக வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்குக் கொண்டுபோக வேண்டும். கண் பரிசோதனை முதல் படி. டிஸ்லெக்ஸியா போன்றவை அடங்கும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஒன்று. முறையாகக் கண்டறியப்பட்டால் தேர்வுச் சலுகைகளுக்கு வழி உண்டு. உங்கள் அரைகுறைத் தீர்ப்பு அந்த வழியைக் கெடுத்துவிடலாம். ரெக்கார்டில் சிறுவனின் உண்மைப் பெயர், முகவரி, பெற்றோர் பெயர், சாதி எதுவும் வரக் கூடாது. வகுப்பில் எல்லோர் முன்னும் எந்தப் பிள்ளையிடமும் சாதியைக் கேட்கவே கூடாது. உதவித்தொகைப் பட்டியல் என்றாலும் அது வகுப்பாசிரியர் பதிவேட்டிலிருந்து பார்க்க வேண்டியது.

அடிப்பது பற்றிப் பேசவே தேவையில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. தேவை இருக்கிறது. ‘நாலு போடு போட்டாத்தான் அடங்குவாங்க, பாத்துக்கோங்க’ என்று பள்ளியிலேயே யாராவது சொல்வார்கள். 2009ஆம் ஆண்டு கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பதும், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவதும் அதில் அடங்கும்.

ஒரு பிள்ளை பாலியல் துன்புறுத்தல் பற்றி உங்களிடம் சொன்னால் என்ன செய்வது என்பதைப் பயிற்சி தொடங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும். குறுக்கு விசாரணை செய்யக் கூடாது. ‘நிஜமா?’ என்று கேட்கக் கூடாது. ‘யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்கவும் கூடாது, ஏனென்றால் அதைக் காப்பாற்ற முடியாது. பிள்ளை சொன்ன சொற்களையே எழுதி, தேதி நேரம் குறித்துக்கொள்ளுங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவர் யாராயிருந்தாலும் காவல்துறைக்கோ சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்க வேண்டும். தவறினால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு. தலைமை ஆசிரியரிடம் உடனே சொல்லுங்கள். புகார் உண்மையில் பதிவானதா என்பதையும் உறுதி செய்யுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளையின் பெயரை ஓய்வறையில் பேசவே கூடாது.

கைபேசி பற்றிச் சுருக்கமாக. ஆல்பத்துக்குப் படம் தேவை என்றால் தலைமை ஆசிரியரின் அனுமதி பெற்று, பிள்ளைகளின் முகம் தெரியாத கோணத்தில் எடுக்கலாம். ரீல்ஸ் வேண்டாம். பிள்ளைகளோடு வாட்ஸ்அப் குழு வேண்டாம். ஆசிரியர் பள்ளிக் கல்வித் துறையின் இணையப் பதிவுத் தளமான எமிஸின் தன் உள்நுழைவைக் கொடுத்து ‘வருகை போட்டுடும்மா’ என்றால் பணிவாக மறுத்துவிடுங்கள். அந்தப் பதிவுக்குப் பொறுப்பு அவர் பெயரில் இருக்கிறது.

கடைசி வாரம்

நிறைவுச் சான்றிதழைக் கடைசி நாள் மாலை கேட்டால் தலைமை ஆசிரியர் கூட்டத்துக்குப் போயிருப்பார். நான்கு நாள் முன்பே வரைவைக் கொடுத்து, வேலை நாள், வருகை நாள், சதவீதம் மூன்றையும் பதிவேட்டோடு ஒப்பிட்டு, முத்திரையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். ரெக்கார்டுகளில் வழிகாட்டி ஆசிரியர் கையெழுத்தை வாரா வாரம் வாங்கியிருந்தால் இந்த வாரம் நிம்மதி. மொத்தமாக நாற்பது லெசன் பிளானை ஒரே நாளில் நீட்டினால் அவர் படிக்காமல்தான் போடுவார், அவருடைய திருத்தங்களையும் நீங்கள் இழந்திருப்பீர்கள்.

விடைத்தாள்கள், மதிப்பெண் பட்டியல், தாள் சதுரம் போன்ற துணைக்கருவிகள் பள்ளியிலேயே இருக்கட்டும். அவற்றோடு வழிகாட்டி ஆசிரியருக்கு ஒரு பக்கக் குறிப்பு: முற்றொருமையில் இன்னும் நடு உறுப்பை விடுபவர்கள் யார், கெழுவை வர்க்கப்படுத்தத் தவறுபவர்கள் யார், (a−b)²-இல் கடைசி உறுப்புக்குக் கழித்தல் குறி போடுபவர்கள் யார். இந்த மூன்றாவது கூட்டத்துக்கு அதே 50 செ.மீ. தாள் போதும். ஒரு பக்கம் 20 செ.மீ. பட்டை எடுத்தால் 1000 போகும், மறுபக்கமும் 1000 போகும், மூலையிலுள்ள 400 இரண்டு முறை கழிந்துவிட்டது, ஆகவே ஒரு முறை திருப்பிக் கூட்ட வேண்டும்: 2500 − 1000 − 1000 + 400 = 900. காரணிப்படுத்துதலைத் தொடங்கும் முன் இதை அவர்களுக்கு ஒருமுறை காட்டிவிடச் சொல்லிக் குறிப்பை முடித்தார்.